ஊசியால் கீறிய கயிறு

ராஜபாய் பின்னிய லேஸ் திருவிருந்து மேசையின் நாலு பக்கமும் தொங்கியது. ராஜபாய்க்கு அந்த மேசையின் கிட்டே போக அனுமதி இல்லை. இடையில் ஒரு கயிறு இருந்தது.

வெறும் தென்னங்கயிறு. ஆலயத்தின் மூன்றாவது தூணுக்கும் அதற்கு எதிரே நிற்கும் தூணுக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில் கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு முன்னால் பெஞ்சுகள், பின்னால் பாய். யாருக்குப் பெஞ்சு, யாருக்குப் பாய் என்பதை ஞானஸ்நானத் தண்ணீரால் மாற்ற முடியவில்லை. பிறந்த குடிசை எதுவோ அதுவே இடத்தையும் தீர்மானித்தது. அப்பமும் கிண்ணமும் பெஞ்சுகளையெல்லாம் சுற்றிவிட்டு, மிஞ்சியது கயிற்றுக்கு மேலாகப் பாய்க்கு வரும்.

அந்தச் சபையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மற்றச் சபைகள் நிம்மதியாகத் தூங்கும்.

பெஞ்சுக்காரர்களின் பாட்டன்மார் இதே திருவிதாங்கூரில் பெருவழியில் நடந்ததற்காக உதை வாங்கியவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களின் மேல்துணியை மேல்சாதியார் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். அந்தக் கதையைப் பேரன்மார் வருஷந்தோறும் பிரசங்கத்தில் கண்ணீரோடு சொல்லுவார்கள். சொல்லி முடித்ததும் கயிறு தொய்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்கிக் கட்டுவார்கள்.

ராஜபாய் 1906இல் குழித்துறைக்குக் கிழக்கே ஒரு குடிசையில் பிறந்தாள். ஒன்பது வயதில் மிஷன் லேஸ் வகுப்பில் சேர்த்தார்கள். மடியில் உருண்டைத் தலையணை, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைக்கொரு குண்டூசி, ஊசிகளைச் சுற்றி ஓடும் நாற்பது ஐம்பது நூல் சுற்றிய பாபின் கட்டைகள். ஓர் ஊசி தவறினால் பூவின் இதழ் கோணிவிடும். இரண்டே வருஷத்தில் அவள் கை தவறுவதை நிறுத்திக்கொண்டது. பின்னப் பின்ன லேஸை ஓர் அட்டையில் சுற்றிக்கொண்டே போவார்கள். முதலில் பின்னியது உள்ளே போகும், கடைசியில் பின்னியது வெளியே நிற்கும். அந்த ஊரில் குழந்தைக்குக்கூட இது தெரியும். பெஞ்சு வீடானாலும் பாய் வீடானாலும் வீட்டுக்கு ஒரு பெண் லேஸ் பின்னினாள்.

பதினோரு வயதில் ஒருநாள், லேஸ் பெட்டியை மிஷன் பங்களாவில் கொடுத்துவரச் சித்தப்பாவோடு அனுப்பினார்கள். சித்தப்பா சுடலையாண்டி வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேராதவர். வழியில் ஒரு பெரிய கோவில். அதன் தெருமுனையில், இன்ன சாதியார் இதற்கு மேல் வரக்கூடாது என்று ஒரு பலகை, பலகையின் அடியில் தடியோடு ஒரு காவல்காரன்.

"நீ வேதமா?" என்று கேட்டான் அவளிடம்.

"ஆமா."

அவன் சித்தப்பாவைக் கேட்கவே இல்லை. தடியை வயல் பக்கம் நீட்டினான். சித்தப்பா பெட்டியை அவள் தலையில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். ஒரே குடும்பம், ஒரே ரத்தம். சிறுமி மேலே வழியில் நடந்தாள். அவர் கீழே முழங்கால் சேற்றில், அவளுக்கு நேராக நடந்தார்.

"மேல வழி சொகமா இருக்கா மக்கா?" என்றார் கீழிருந்து.

"இருக்கு சித்தப்பா."

"இஞ்சயும் மோசமில்ல. தவக்களைக்குச் சாதி தெரியாது பாத்துக்க, காலுல ஏறி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்கும் அப்போது சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிறு பாயில் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிந்தது. வேதம் அவளைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டது. தூக்கிவிட்டு, இங்கே கொண்டுவந்து கட்டிப்போட்டது. சித்தப்பா நாலு வருஷத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். கடைசிவரை அந்தத் தெருவில் அவர் கால் படவில்லை.

1931இல் குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பயாஸ்கோப் கூடாரம் வந்து இறங்கியது. மெட்ராஸில் படங்கள் பேச ஆரம்பித்துவிட்டன என்றார்கள். இந்தக் கூடாரத்தில் படங்கள் இன்னும் ஊமைதான். எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியவன் குளச்சல்காரன் மரியஜான். கடலுக்குப் போகப் பயந்து எந்திரத்துக்கு வந்தவன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ராஜபாயும் அவள் கூட்டுக்காரி தங்கபாயும் போய் மணலில் உட்கார்ந்தார்கள். மணலில் கயிறு இல்லை. ராஜபாய் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

பெரிய படத்துக்கு முன்னால் ஒரு துண்டுப்படம் ஓடியது. கோட்டால் வரைந்த நாய் ஒன்று எழுந்து நடந்தது, நடனமாடியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜபாய் சிரிக்கவில்லை. மறுநாள் காலை தனியாகக் கூடாரத்துக்குப் போனாள்.

"அண்ணே, அந்த நாய் எங்ஙன நடந்துது?"

மரியஜான் அறுந்துபோன ஒரு முழம் பிலிமை அவள் கையில் போட்டான். "வெயிலுல பிடிச்சுப் பாரு பிள்ளே."

வெயிலில் பிடித்தாள். நகத்தளவு சதுரங்கள், ஒன்றின்கீழ் ஒன்று. எல்லாவற்றிலும் அதே நாய். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஒரு ஊசி தள்ளித்தானே இருக்கு?"

"என்ன ஊசி?"

"லேஸ் ஊசி. ஒரு ஊசி தள்ளி அடுத்த ஊசி, அதுக்குப் பொறவு அடுத்தது. இது லேஸுல்லா!"

மரியஜான் எட்டு வருஷமாகக் கைப்பிடி சுற்றியவன். அவனுக்கு இப்படித் தோன்றியதே இல்லை. வெளிச்சம் பட்டுக் கெட்டு, முழுக்கக் கறுத்துப்போன பிலிம் ஒரு டப்பா நிறைய அவனிடம் கிடந்தது. படச்சுருளின் தலையிலும் வாலிலும் ஒட்டுவதற்கென்று வைத்திருந்தான். ராஜபாய் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து அந்தக் கறுப்பில் ஒரு கோடு இழுத்தாள். வெயிலில் பிடித்தால், இருட்டுக்குள் வெள்ளைக் கோடு.

அந்த டப்பாவில் பாதியை அவன் கொடுத்தான். அவன் தங்கையின் கல்யாண முக்காட்டுக்கு அவள் லேஸ் பின்னிக் கொடுத்தாள். "ரெண்டு சங்கதி பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினான். "ஒண்ணு, வெளக்குக்கிட்ட கொண்டு போவாத. வெடிமருந்து மாதிரியாக்கும் இது. ரெண்டாவது, முடிச்ச பொறவு சுத்தும்போ தலை வெளிய இருக்கணும், வால் உள்ள. ஒங்க லேஸு மாதிரி சுத்திராத. அப்பறம் படம் வாலுலருந்து ஓடும்."

அன்றிலிருந்து லேஸ் தலையணையே அவளுக்குப் படமேசை. பிலிமின் இரு ஓரத்திலும் துளைகள் உண்டு, ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்துக்கு நாலு. அந்தத் துளைகளில் குண்டூசியைக் குத்தினால் பிலிம் இம்மியும் அசையாது. ஓர் அடி நீளத்தில் பதினாறு படங்கள். திரையில் அந்த ஓர் அடி ஒரு நொடியில் ஓடிவிடும். வகுப்பு வேலை முடிந்து பொழுது சாய்வதற்குள் ஐந்து படம் கீறுவாள், நல்ல வெளிச்சம் இருந்தால் ஏழு. விளக்கில் வேலை இல்லை.

முதல் இரண்டு அடியை மரியஜான் பகலில் துணியைக் கட்டி ஓட்டிக் காட்டினான். வழியில் நடக்க வேண்டிய பெண் தலைமுதல் கால்வரை வெடவெடவென்று நடுங்கினாள்.

"ஏ பிள்ளே, ஒனக்க பொம்பளைக்குக் குளிர்க் காய்ச்சலா? கஷாயம் குடுத்தியா?"

ராஜபாய் வீட்டுக்கு வந்து, லேஸ் அட்டை துளையிடுவது போல, ஒரு சதுரத்தின் அளவுக்கு அட்டை வெட்டி அதில் தலை, தோள், கால் இடங்களைத் துளையிட்டாள். இனி ஒவ்வொரு படத்தையும் துளைகளிலிருந்து அளந்து கீறினாள். நடுக்கம் நின்றது.

"ஏட்டி, ஒரு வருசமா இந்தக் கறுப்ப சொரண்டுறியே, உள்ள தங்கமா இருக்கு?" என்பாள் தங்கபாய்.

"கயிறு இருக்கு."

நூற்றிருபது அடி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது படங்கள். கதை இதுதான். ஒரு வெள்ளைக்கோடு, அது வழி. அதில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வருகிறார்கள். பலகையும் தடியும் வருகின்றன. ஆண் கோட்டுக்குக் கீழே சேற்றில் இறங்கி நடக்கிறான், தவளை அவன் காலில் ஏறுகிறது. பெண்ணின் கையில் புத்தகம் இருக்கிறது, அதனால் அவள் மேலே நடக்கிறாள். இது முதல் அறுபது அடி. பிறகு அதே கோடு மெல்ல மேலே எழும்பி, இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறாக நிற்கிறது. பெண் அதன் பின்னால் உட்காருகிறாள். அது அடுத்த அறுபது அடி. வழிக்கும் கயிற்றுக்கும் அவள் வேறு கோடு வரையவில்லை. வேண்டுமென்றேதான் வரையவில்லை.

1933இல் அறுப்புப் பண்டிகைக்கு மிஷனரி துரையும் துரைசாணியும் வருவதாக இருந்தது. ஆலய முற்றத்தில் ஒரு வேதாகமப் படம் காட்டும்படி உபதேசியார் செல்வதாஸ் மரியஜானைக் கேட்டார்.

"காட்டலாம் அய்யா. ஆனா ஒங்க சபைப் பிள்ளை ஒண்ணு சொந்தக் கையால ஒரு படம் செய்திருக்கு. அதையும் போடணும். இல்லேன்னா எந்திரம் வராது."

உபதேசியாருக்குத் தலைகால் புரியவில்லை. லேஸ் வகுப்பின் பெருமை என்று துரைக்குக் கடிதமே எழுதிவிட்டார். அதன் பிறகுதான் அவர் மனைவி ஜெபகுமாரி, லேஸ் டீச்சரம்மா, கதை என்ன என்று கேட்டாள். ராஜபாய் பொய் சொல்லவில்லை.

"பாதி வழி, பாதி கயிறும்மா."

"எந்தக் கயிறு?"

"நம்ம கயிறுதான்."

பண்டிகைக்கு முந்தின நாள் காலை லேஸ் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசையில் பிலிம் சுருள் இருந்தது. முந்தின வாரமே வாங்கி வைத்துக்கொண்டார்கள். செல்வதாஸ் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். பெரிய மீசை, சபையில் அவருக்கு அடுத்தபடி மரியாதை அதற்குத்தான்.

"முதல் பாதி நல்ல சாட்சி. அஞ்ஞான இருட்டுல சேறு, புஸ்தகம் வந்ததும் ராஜவழி. துரை பாத்தா கண்ணீர் விடுவார். அந்தக் கடைசிப் பாதிய நீயே வெட்டி எறி."

"வெட்டமாட்டேன் அய்யா."

"சபைய அவமானப்படுத்தவா ஒன்னைப் படிக்க வச்சோம்?"

"கயிறு கட்டினா அவமானமில்ல, அதைக் கீறினா அவமானமா?"

ஜெபகுமாரி காதைப் பொத்திக்கொண்டாள். "பாயில இருக்குததுக்கு நாக்கு எத்தன நீளம் பாத்தியளா!"

செல்வதாஸ் மேசையிலிருந்த லேஸ் கத்தரிக்கோலை எடுத்தார். ராஜபாய் பாய்ந்து சுருளைப் பிடுங்கப் போனாள். அதற்குள் அவர் சுருளின் வெளி முனையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். கறுப்பில் ஒரு பெண் தெரிந்தாள், அவளை ஒட்டி நெடுக ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது.

"இதோ கயிறு!" என்றார்.

அது கயிறு அல்ல, வழி.

ராஜபாயின் கை அந்தரத்தில் நின்றது. லேஸ் அட்டையில் வெளியே இருப்பது கடைசி. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் சுற்றினார்கள். அதனால் வெளியே இருப்பதைக் கடைசிப் பாதி என்று நினைத்தார். படச்சுருளிலோ தலைதான் வெளியே இருக்கிறது. அவர் பிடித்திருப்பது, துரையைக் கண்ணீர் விடவைக்கும் என்று அவரே சொன்ன முதல் பாதி.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தரிக்கோல் நின்றுவிடும். சொன்னால் சித்தப்பா பிழைப்பார், கயிறு வெட்டுப்படும். சொல்லாவிட்டால் சித்தப்பா போய்விடுவார். அவர் சேறு, அவர் சிரிப்பு, காலில் ஏறிய தவளை எல்லாம் போய்விடும். அந்தத் தவளைக்கு மட்டும் எழுபது படங்கள் கீறியிருந்தாள். அந்த முதல் பாதி முழுவதும் ஆறு மாத வேலை.

அவர் அவளைக் கேட்டிருக்கலாம். எது தலை, எது வால் என்று ஒரு கேள்வி. செய்தவள் எதிரே நிற்கிறாள். கேட்கத் தோன்றவில்லை. பாயில் இருப்பவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு விஷயம் இருக்கும் என்று அந்த மனிதருக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

ராஜபாய் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் மேற்கொண்டு பார்க்காமல் சுருள் பாதியாகும்வரை உருவினார்; ஓடும் கோடு தூணில் ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் கத்தரிக்கோல் விழுந்தது. அறுபது அடியையும் வாரிக்கொண்டு உபதேசியார் ஆலயத்தின் பின்னால் எரிந்துகொண்டிருந்த சருகுக் குவியலுக்குப் போனார். குனிந்து, தம் கையாலேயே தீயில் திணித்தார். புஸ்ஸென்று ஆளுயரத்துக்கு எழும்பியது. ராஜபாய் ஜன்னலில் நின்று பார்த்தாள். சித்தப்பா இரண்டாம் தடவை செத்தார், இந்தத் தடவை பிரகாசமாக. உபதேசியாரின் இடப்பக்க மீசை கூடவே போயிற்று.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் வெள்ளைத்துணி கட்டினார்கள். துரையும் துரைசாணியும் நாற்காலியில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெஞ்சுகள், அதற்கும் பின்னால் தரையில் பாய். மீதி மீசையையும் வழித்துவிட்டு வந்த செல்வதாஸை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மரியஜான் சுருளை எந்திரத்தில் ஏற்றும்போது முனையைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தான். "ஏ பிள்ளே, தலையக் காணல்லியே?"

"வால் இருக்குல்லா. போடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கைப்பிடியைச் சுற்றினான்.

துணியில் ஒரு வெள்ளைக்கோடு ஓடியது. அது எழும்பி இரண்டு தூண்களைப் பிடித்துக்கொண்டது. அதன் பின்னால் ஒரு பெண் வந்து தரையில் உட்கார்ந்தாள். கயிற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம் தானாகப் பறந்து தலை தலையாகச் சுற்றியது. சுற்றச் சுற்றச் சிறுத்தது. அவளிடம் வரும்போது ஒரு புள்ளியாக இருந்தது. பெண் மடியில் லேஸ் பின்னினாள். லேஸ் அவள் கையைவிட்டு இறங்கி, கயிற்றுக்கு அடியில் புழுப்போல நுழைந்து, மேசைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அவள் எழுந்து அதன் பின்னால் போகப் பார்த்தாள். கயிறு தடுத்தது.

பாயிலிருந்து தங்கபாயின் குரல் கணீரென்று எழுந்தது.

"ஏட்டி, இது நம்ம கயிறுல்லா!"

பாய் முழுக்கச் சிரித்தது. முப்பது வருஷம் அடக்கி வைத்த சிரிப்பு. அதில் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இல்லை. பெஞ்சுகளில் ஒருவரும் திரும்பவில்லை.

துணியில் அந்தப் பெண் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் கயிற்றில் குத்தினாள். கயிறு பிரிந்து நூலாயிற்று. அந்த நூலை அவள் ஒரு பாபினில் சுற்றினாள், கடைசி இழைவரை. தூண்கள் மட்டும் நின்றன. அவள் அவற்றின் நடுவே நடந்து, மேசையைத் தாண்டி, துணியின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டாள். ஒரு நிமிஷம்தான்.

துரை திரும்பினார். "அது என்ன கயிறு, உபதேசியார்?"

கேட்டவர், பதினோரு வருஷம் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் செய்தவர். செல்வதாஸ் இல்லாத மீசையைத் தடவினார்.

"இன்னொரு மட்டம் போடும் ஓய்!" என்று பாயிலிருந்து கத்தினார்கள். மரியஜான் போட்டான். செல்வதாஸ் கையை ஆட்டித் தடுக்கத் தடுக்க, மூன்று தடவை போட்டான்.

அடுத்த ஞாயிறு கயிறு இல்லை. தூண்களில் அது அறுத்த தழும்பு மட்டும் இருந்தது. அதற்கடுத்த மாதம், சபை ஒழுங்குக்காக என்று அறிவித்து, அதே தூண்களுக்கு நடுவே பளபளவென்று மெருகிட்ட தேக்குக் கம்புகளால் ஒரு கிராதித் தடுப்பு அடித்தார்கள். அதை ஜெபம் செய்து திறந்துவைத்தவர் துரை.

ராஜபாய் அன்றே எழுந்து வெளியே நடந்தாள். பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. லேஸ் வகுப்பில் அவளுக்கு நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள். குளச்சலில் மரியஜானின் தங்கை மூலம் முக்காட்டு லேஸ் பின்னிப் பிழைத்தாள். அவளுடைய அறுபது அடியை மரியஜான் கூடாரம் போன ஊரெல்லாம் ஓட்டினான். ஓரத்துத் துளைகள் கிழிந்து, கடைசியில் அது பற்சக்கரத்தில் நிற்க மறுத்தது.

1936 நவம்பரில், கோவில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்பட்டன என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அந்த ஞாயிறு மாலை தங்கபாய் ஓடிவந்தாள்.

"ஏட்டி, இன்னைக்குப் பிரசங்கம் என்ன தெரியுமா? அஞ்ஞானிகளுக்கு இப்பமாவது புத்தி வந்துதே, ஸ்தோத்திரம்னு உபதேசியார் அழுகாரு. நாங்க கிராதிக்கு இந்தப் பக்கம் இருந்து ஆமென் சொல்லுகோம்."

"நீயும் சொன்னியா?"

தங்கபாய் தலையைக் குனிந்தாள்.

ராஜபாய் உள்ளே போய் மரியஜான் கொடுத்த டப்பாவைக் கொண்டுவந்தாள். அடியில் கொஞ்சம் கறுப்புப் பிலிம் மிச்சம் இருந்தது. வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. லேஸ் தலையணையை மடியில் வைத்து, பிலிமை விரித்து, பக்கத்துக்கு நாலு ஊசி குத்தினாள்.

"அந்தக் கிராதியில எத்தன கம்பு?"

"எண்ணல்லியே. எதுக்கு?"

"அடுத்த ஞாயிறு போய் எண்ணிட்டு வா."

தங்கபாய் ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. சேலையை வரிந்துகொண்டு இறங்கி, பூட்டிய ஆலயத்தின் ஜன்னலில் முகத்தை ஒட்டி எண்ணிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"பதினெட்டு."

ராஜபாய் முதல் கம்பைக் கீறினாள்.